முழங்கைக்கு லோக்கல் வேண்டாம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

நீங்களும் தங்கையும் சுகமாக இருப்பீர்கள். நானும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கிறேன். பேசத் தெரிந்த நாளிலிருந்து "மாமா" என்று கூப்பிட்ட உங்கள் மகள், இப்போது என்னை "சார்" என்கிறாள்.

மற்றவர்கள் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். இடது முழங்கையில் நரம்பு நசுங்கி, சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்து, கடையில் எடுக்கிற நட்டெல்லாம் கீழே விழுந்துகொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். நரம்பை விடுவிக்க ஆபரேஷன் என்றார்கள். மயக்க மருந்து நம் பெண்ணே கொடுக்கிறாள் என்று வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். அன்று காலை சர்ஜனும் நர்ஸும் பக்கத்தில் நிற்க, "மாமா, லோக்கல், பிளாக், ஜெனரல்னு மூணு வழி இருக்கு" என்று ஆரம்பித்தாள். ஆயுசு முழுக்க ஸ்பேர் பார்ட்ஸ் விற்றவனுக்கு லோக்கல் என்றால் ஒரே அர்த்தம்தானே. "உன் மாமனுக்கே லோக்கலாம்மா? கம்பெனி சரக்கா போடு" என்றேன். அவள் பொறுமையாக, "லோக்கல்னா கீறுற இடத்துல மட்டும் ஊசி. நீங்க ஆடாம இருக்கணும், உங்களால முடியாது. ஜெனரல்னா முழுசாத் தூங்க வைக்கணும். உங்க குறட்டைக்கும் மூச்சிரைப்புக்கும் அது எனக்குப் பயம். பிளாக்தான் நல்லது" என்றாள். "பிளாக்ல எதையும் வாங்கி எனக்குப் பழக்கமில்லம்மா" என்றேன். சர்ஜன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கழுத்தெலும்புகிட்ட ஊசி. கை மட்டும் மரத்துடும், நீங்க முழிச்சே இருக்கலாம்" என்றாள். கழுத்து என்று கேட்டதும் எனக்குப் புத்தி கெட்டது. "நீ சின்னப் பொண்ணு. உனக்கு மேல பெரிய டாக்டர் யாராவது இருந்தா கூப்பிடும்மா" என்று சொல்லிவிட்டேன். "மயக்க மருந்துக்கு இங்க இவங்களுக்கு மேல யாரும் இல்லீங்க" என்றார் சர்ஜன். பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. தவளை தன் வாயால் கெட்ட கதைதான்.

பிறகு அவள் சொன்ன பிளாக்கையே போட்டாள். அறுத்தது, தைத்தது எதுவும் தெரியவில்லை, அவ்வளவு நேர்த்தி. அதோடு நான் சும்மா இருந்தேனா? வார்டில் கண்ணயர்ந்து விழித்தால், நெஞ்சின் மேல் கனமாக யாருடைய கையோ கிடந்தது. "யாருங்க அது, கைய எடுங்க" என்று வார்டே திரும்பிப் பார்க்கச் சத்தம் போட்டேன். அவள்தான் ஓடி வந்தாள். கையைத் தூக்கித் தலையணை மேல் வைத்துவிட்டு, "இது உங்க கைதான், சார்" என்றாள்.

அறுத்த இடத்தைவிட அந்தச் "சார்"தான் வலிக்கிறது மாப்பிள்ளை. வெட்கமாக இருக்கிறது. அவளை நம்பாமல் சொல்லவில்லை, பயத்தில் உளறிவிட்டேன் என்று நீங்கள் அவளிடம் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லுங்கள்.

தங்கைக்கும் உங்களுக்கும் என் ஆசிகள், அதற்கு இன்னும் எனக்கு யோக்கியதை இருந்தால்.

இப்படிக்கு, தலைகுனிந்த நிலையில்,
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுகிற நேரத்தில் அவள் வந்தாள். விரல்களை அசைத்துப் பார்த்துவிட்டு, "வலிக்குதா மாமா?" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதே நரம்புக் கோளாறு தொடங்கியிருக்கிற வலது முழங்கைக்கும் அடுத்த மாதம் ஆபரேஷன், அதற்கும் அவளே மருந்து கொடுக்கிறாளாம். எனக்குப் பரம திருப்தி. இருந்தாலும் அன்றைக்கு நரைத்த தலை டாக்டர் ஒருவர் பக்கத்தில் சும்மா நிற்கட்டும். நீங்கள் கேட்டதாகவே அவளிடம் சொல்லுங்கள்.