மாத்திரை டப்பாவின் மேல் ஒட்டிய சிவப்புத் தேதி

தேதி போடாமல் என்னால் எதையும் கீழே வைக்க முடியாது. இதை நான் ஒழுங்கு என்று சொல்லிக்கொள்வேன். என் மனைவி ரேவதி இதற்கு வேறு சொல் வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் இட்லி மாவுப் பாத்திரத்தின் மேல் அரைத்த தேதி இருக்கும். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியில் வாங்கிய தேதி இருக்கும். காஸ் சிலிண்டர் மாற்றிய நாட்களுக்கென்றே தனி நோட்டு ஒன்று உண்டு. (அது இதுவரை யாருக்கும் பயன்பட்டதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.) இப்படிப்பட்ட ஒருவனுக்கு வாழ்க்கையில் ஒரு பெரிய அவமானம் நேர வேண்டுமானால் அது தேதியால்தான் நேர வேண்டும். அப்படியே நேர்ந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரைகளைக் கிடங்கிலிருந்து குடியிருப்புகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை. கிடங்கு கிழக்குத் தாம்பரத்தில், ரயில் போனால் அலமாரி அதிரும் தூரத்தில் இருந்தது. நானும் வண்டி ஓட்டும் முருகேசன் அண்ணனும்தான் அங்கே மொத்தப் படை.

இந்த மாத்திரையை நோய் வந்தவருக்கு மட்டும் கொடுத்தால் போதாது. கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை என்பதால், சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், கடுமையாக உடம்பு சரியில்லாதவர்கள் தவிர ஊரே விழுங்க வேண்டும். அதுவும் தன்னார்வலர் கண்ணெதிரில். மாத்திரைகள் எங்கிருந்தோ கடல் கடந்து, பல கிடங்குகளில் தூங்கி எழுந்து எங்களிடம் வரும். அதனால் எந்த டப்பா முதலில் காலாவதியாகுமோ அது முதலில் வெளியே போக வேண்டும் என்பது கிடங்கு வேலையின் பாலபாடம்.

உலகம் முழுவதும் இந்தப் பாடத்தோடு திருப்தியாக இருந்தது. நான் இல்லை. காலாவதித் தேதி வரும்வரை காத்திருப்பது சோம்பேறிகளின் வேலை என்று எனக்குத் தோன்றியது. எனவே ஒவ்வொரு டப்பாவுக்கும், அது எந்த நாளுக்குள் கிடங்கை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று நானாகவே ஒரு தேதியைக் கணக்கிட்டேன். அதைச் சிவப்பு மையில் லேபிளில் எழுதி ஒட்டினேன். வெறும் தேதிதான், வேறு ஓர் எழுத்தும் கிடையாது. அது என்ன தேதி என்று கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். (எல்லோரும் என்றால் நானும் முருகேசன் அண்ணனும்.) மழைக்கால ஈரத்தில் உதிராத பசையுள்ள லேபிள் வேண்டும் என்று மூன்று சனிக்கிழமை அலைந்து வாங்கினேன்.

ஒரே டப்பாவில் இரண்டு தேதி இருந்தால் குழப்பம் வரும் அல்லவா? அதற்கும் வழி செய்தேன். கம்பெனி அச்சிட்ட காலாவதித் தேதியின் மேலேயே என் லேபிளை ஒட்டினேன்.

முருகேசன் அண்ணன் மட்டும் ஒரு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், பக்கத்துல எடம் கீதே. அங்க ஒட்டேன்."

நான் அவருக்குத் தகவல் ஒழுங்கைப் பற்றிக் கால் மணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

பிறகு மழை வந்தது. பள்ளிக்கரணைப் பக்கம் சாலையும் சதுப்பு நிலமும் ஒன்றாயின. மாத்திரை வழங்கும் நாளைப் பத்து நாள் தள்ளிவைத்தார்கள். என் சிவப்புத் தேதிகள் கிடங்குக்குள்ளேயே ஒவ்வொன்றாகக் கடந்து போயின. அன்றைய டைரியில் "தாமதம். வருந்துகிறேன்" என்று எழுதியிருக்கிறேன். யாரிடம் வருந்தினேன் என்று தெரியவில்லை.

நகரத்தில் குடிசைகளை இடித்து அனுப்பப்பட்டவர்களுக்காகக் கட்டிய பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாங்கள் போய் இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு. அந்த பிளாக்கின் தன்னார்வலர் செல்வி அக்கா. மூன்றாம் மாடியில் குடியிருப்பவர். சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை. இரண்டு வாரமாக வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பேசி, பெயர் எழுதி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது இது:

"சார், ஏதாச்சும் ஒண்ணுன்னா நீங்க வண்டி ஏறிப் போய்டுவீங்க. நான் இதே ஜனத்தோடதான் தண்ணி லாரிக்கு நிக்கணும். பாத்துக்கோங்க."

"கவலைப்படாதீங்கக்கா. நம்ம சிஸ்டம் அப்படி" என்றேன்.

கீழே மேசை போட்டு டப்பாக்களை அடுக்கினேன். சிவப்புத் தேதிகள் எல்லாம் ஒரே வரிசையில் மக்களைப் பார்த்து நிற்கும்படி அடுக்கினேன். அது என் அழகுணர்ச்சி.

வரிசையில் முதலில் நின்றவர் ஓர் ஆட்டோ ஓட்டுநர். அவர் மாத்திரையைப் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்தார். கைப்பேசியை எடுத்து அன்றைய தேதியைப் பார்த்தார். மறுபடி டப்பாவைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, டேட்டு முடிஞ்சி ஒரு வாரம் ஆவுது?"

"அது அந்த டேட் இல்லீங்க."

"பின்ன எந்த டேட்டு?"

"இது கிடங்கை விட்டுப் போகவேண்டிய கடைசி நாள்."

"அது தாண்டிச்சா இல்லியா?"

"தாண்டிடுச்சு. ஆனா..."

அந்த "ஆனா"வுக்குப் பின்னால் நான் வைத்திருந்த விளக்கம் மிக நல்ல விளக்கம். யாரும் கேட்கவில்லை. வரிசை கலைந்து கூட்டமானது.

"வூட்ட இட்ச்சி இங்க கொணாந்து போட்டாங்க. இப்ப மிச்சம் மீதி மாத்திரையும் நம்ம தலைலயா?"

"அடையாறு பக்கம் பங்களாவுல போய் இத குடுப்பியா நீ?"

செல்வி அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எந்த நோட்டிலும் பதிவு செய்யவில்லை. தேவைப்படவில்லை.

உண்மையான தேதியைக் காட்டிவிடலாம் என்று லேபிளை நகத்தால் கிள்ளி இழுத்தேன். மூன்று சனிக்கிழமை தேடிய பசை தன் தரத்தைக் காட்டியது. லேபிளோடு கம்பெனி அச்சும் சேர்ந்து உரிந்து வந்தது. மாதம் தெரிந்தது. வருடம் என் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது டப்பாவில் மாதமும் போயிற்று.

"பாரு பாரு, நம்ம கண்ணெதிர்லயே தேதிய சொரண்டறான்" என்றது ஒரு குரல்.

என் வேலை போகும் என்பது அப்போது பெரிதாகத் தெரியவில்லை. இந்த பிளாக் இன்று மறுத்தால் அடுத்த வருடமும் மறுக்கும். இங்கே காலாவதி மாத்திரை கொடுத்தார்கள் என்ற பேச்சு பக்கத்து பிளாக்குகளுக்கு மதியத்துக்குள் போய்விடும். செல்வி அக்காவுக்கோ அது தண்ணி லாரி வரும்போதெல்லாம் காதில் விழும்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு குப்பம்மா வந்தார். குடியிருப்பு வாசலில் மீன் விற்பவர். இடது கால் முழங்காலுக்குக் கீழே தூண் மாதிரி வீங்கியிருந்தது. அந்தக் காலை இழுத்து இழுத்து அவர் வருவதற்குள் கூட்டம் தானாக அமைதியானது. 'எனக்கு வந்தது எம்பொண்ணுக்கு வரக் கூடாது' என்று சொல்லி, செல்வி அக்காவின் நோட்டில் முதல் பெயர் கொடுத்திருந்தவரும் அவர்தான்.

ஒரு டப்பாவை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னை, மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"இந்த டேட்ட ஒட்டனது யாரு?"

"நான்தாங்க."

"உள்ள இருக்கற டேட்டு இன்னா?"

"அடுத்த வருஷம் வரைக்கும் இருக்குங்க."

"யாராச்சும் ஒட்டச் சொன்னாங்களா?"

"இல்லீங்க. நானாத்தான்."

குப்பம்மா கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"முப்பது வருசமா மீனு விக்கறேன். முந்தாநேத்து மீன நேத்து மீனுன்னு விக்கறவன பாத்துகீறேன். ஏன், நானே வித்துகீறேன். நேத்து புடிச்ச மீன போன வாரத்து மீனுன்னு போர்டு போட்டு விக்கறவன இன்னிக்குத்தான் பாக்கறேன். ஏமாத்தறவன் இப்டி செய்வானாடி? இவன் திருடன் இல்ல. லூசு."

அங்கே நின்றவர்கள் இதை ஆலோசித்தார்கள். என் முகத்தை இன்னொரு முறை பார்த்தார்கள். தர்க்கம் பொருந்துகிறது என்று அவர்களுக்குப் பட்டது.

"லூசோ திருடனோ, டேட்ட கண்ணால பாக்கணும்" என்றார் ஆட்டோக்காரர். அது நியாயம்.

"நகத்தால நோண்டாத" என்றார் குப்பம்மா. "செல்வி, தேங்கா எண்ண எடுத்தா."

எண்ணெய் வந்தது. லேபிளின் மேல் தடவி, கொஞ்சம் ஊறவிட்டு, செல்வி அக்கா ஓரத்திலிருந்து மெதுவாக உருட்டினார். சிவப்புத் தேதி சமர்த்தாகச் சுருண்டு வந்தது. கீழே, சின்னக் கறுப்பு எழுத்தில், அடுத்த வருடம் பத்திரமாக இருந்தது. ஆட்டோக்காரர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்தார். அடுத்த அரை மணி நேரத்தில் அந்த பிளாக்கின் பெண்கள் வீட்டுக்கு ஒரு எண்ணெய்ப் பாட்டிலோடு உட்கார்ந்து என் சிஸ்டத்தை முழுவதுமாக உரித்தெடுத்தார்கள். நான் அச்சைப் பெயர்த்த இரண்டு டப்பாக்களை முருகேசன் அண்ணன் வண்டியில் தனியே வைத்தார்.

"செரி, மொதல்ல நீ போடு" என்றார் குப்பம்மா.

நான் கை நீட்டினேன்.

"சாப்ட்டியா?"

"இல்லீங்க. காலைல சீக்கிரம் கிளம்பினதுல..."

"வெறும் வயித்துல போடக் கூடாதுன்னு நீ அச்சடிச்சிக் குட்த்த நோட்டீசுலயே கீது."

செல்வி அக்கா வீட்டிலிருந்து நான்கு இட்லி வந்தது. ஒரு பிளாக் முழுவதும் சுற்றி நின்று பார்க்க, ஒருவன் இட்லி சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்று தெரிந்தது. பிறகு மூன்று மாத்திரையை விழுங்கி, அதோடு கொடுக்கும் குடற்புழு மாத்திரை ஒன்றைக் கடித்து மென்றேன். வாயைத் திறந்து காட்டச் சொன்னார்கள். காட்டினேன். அரை மணி நேரம் நகராமல் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன்.

"கண்ணு ஒரு மாதிரி சொருவுதே" என்றார் ஒருவர் கவலையாக.

"வரும்போதே அப்டித்தான் இருந்தாரு" என்றார் முருகேசன் அண்ணன்.

அரை மணி முடிந்ததும் குப்பம்மாவின் மகள் வந்து கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் வரிசை மறுபடி உருவானது. நாலைந்து வீட்டுக்காரர்கள் கடைசிவரை கதவைத் திறக்கவில்லை. அவர்கள் கணக்கு என் பெயரில்தான் எழுதப்பட வேண்டும். மற்றவர்கள் விழுங்கினார்கள். டப்பாக்கள் முழுக்கத் தேங்காய் எண்ணெய் வாசம் வீசியதால், இது மூலிகை மாத்திரையா என்று ஒரு பெரியவர் திருப்தியோடு கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து ஒரு வரியில் உத்தரவு வந்தது: இனி டப்பாக்களில் எதுவும் ஒட்டக் கூடாது. அந்த உத்தரவில் தேதி போடவில்லை. சுட்டிக்காட்டலாமா என்று யோசித்து, வாழ்க்கையில் முதல் முறையாகச் சும்மா இருந்தேன்.

அடுத்த வருடம் அந்த பிளாக்கில் "டேட்டு சார் வந்துட்டாரு" என்று குழந்தைகள் மாடியிலிருந்து கத்தின. அதற்கடுத்த வருடம் என் திருமணம். செல்வி அக்காவும் குப்பம்மாவும் வந்திருந்தார்கள். இருவரும் சேர்ந்து ஒரு புகைப்படச் சட்டம் பரிசு கொடுத்தார்கள். கண்ணாடியின் மூலையில் என்னுடைய பழைய லேபிள் ஒன்று. முருகேசன் அண்ணன் ரோலிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார், துரோகி. அதில் சிவப்பு மையில் ஒரு தேதி. திருமணத்துக்கு முந்தின நாளின் தேதி.

ரேவதிக்குக் கதையைச் சொன்னவரும் முருகேசன் அண்ணன்தான். இன்றும் நான் மாவுப் பாத்திரத்தின் முன்னால் பேனாவோடு நின்றால் ரேவதி அந்தச் சட்டத்தைக் காட்டுவாள். "அந்தத் தேதிக்குள்ள திருப்பி அனுப்பியிருக்கணும். ஒரு நாள் லேட் பண்ணிட்டேன்" என்பாள். வருகிற விருந்தாளிகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவள் ஊருக்குப் போயிருந்தபோது ஒருமுறை அந்த லேபிளை நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். ஓரம்கூட எழவில்லை. எண்ணெய்ப் பாட்டில் பக்கத்திலேயே இருந்தது. தொடவில்லை. நல்ல பசை. நானே தேடித் தேர்ந்தெடுத்தது.