மூன்றாவது கேள்விக்குப் பதில்

கல்முனை முழுக்கத் தேடினாலும், கேட்டதெல்லாவற்றுக்கும் பதில் வராமல் அடுத்த சொல் கதைப்பதைப் பாவமென்று நினைத்த மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். அவர் எங்கள் பதில் காக்கா. காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

கடைகளுக்கும் கந்தோர்களுக்கும் இன்டர்நெட் டெலிபோன் பூட்டிக்கொடுக்கும் நிறுவனமொன்றில் பத்து வருடம் எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. அந்த டெலிபோன்களுக்கு ஒரு சட்டம் உண்டு. அழைக்கிற கருவி, குரல் வேண்டுமா, வீடியோ வேண்டுமா என்று வரிசையாகக் கேட்கும். அழைப்பை வாங்குகிற கருவி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். வேண்டாததையும் விட்டுவிடாமல் பூச்சியம் போட்டு அனுப்ப வேண்டும். முழுப் பதில் வரும்வரை அடுத்த கேள்வி கிடையாது. கருவிகள் இதை அழைப்பு வரும்போது மட்டும்தான் கடைப்பிடித்தன. காக்கா தேத்தண்ணிக் கடையிலும் கடைப்பிடித்தார். இஞ்சித் தேத்தண்ணி கேட்டு இஞ்சி இல்லாவிட்டால், கடைக்காரர் அதை வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் கொண்டுவந்து வைத்த பிளேன்டீயைத் தொடமாட்டார்.

என் தங்கையின் கலியாணப் பேச்சுக்கு அவரைக் கூட்டிப்போனது என் பிழை. மாப்பிள்ளை வீட்டார் நாள், இடம், சாப்பாடு, வீடியோ என்று நான்கு கேட்டார்கள். எங்கள் வாப்பா மூன்றுக்குத் தலையாட்டிவிட்டு வீடியோவுக்கு மட்டும் சிரித்தார். காக்கா எழும்பிப்போய் எல்லோரும் கூடியிருந்து சாப்பிடும் சோற்றுத் தட்டான சஹனை அடுப்படியிலேயே நிறுத்திவிட்டார். பசி தாங்காமல் வாப்பா 'வேணாம்' என்று சொன்ன பிறகுதான் சோறு வந்தது.

அவருக்கு ஒரே மகள். தான் விரும்பியவரைக் கட்டிக்கொண்டு டோஹாவுக்குப் போனவள். இரண்டு வருடம் பேச்சில்லை. நோன்பு மாதத்தில் ஒருநாள், என் பக்கத்தில் இருந்துதான் அவளுக்கு எழுதி அனுப்பினார். பெருநாளைக்கு வாறியா, மருமகனையும் கூட்டி வாறியா, வாப்பாவோட கோவமா என்று மூன்று கேள்வி.

அன்றே பதில் வந்தது: "வாறன் வாப்பா. அவரும் வாறார்."

துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்தார். மூன்றாவதுக்குப் பதிலில்லையாம். வா என்று ஒரு சொல் அனுப்புங்கள் என்று கெஞ்சினேன்.

"முழுப் பதில் வராம நான் ஒண்டும் அனுப்பக் கூடா, தம்பி."

அங்கே அவள், எனக்குப் பிறகுதான் தெரிந்தது, டிக்கெட் எடுப்பதற்கு வாப்பாவின் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள். இங்கே இவர் நிமிடத்துக்கொரு தரம் போனைத் திருப்பிப் பார்த்தார். பெருநாள் போய்விட்டது. ஹஜ் பெருநாளுக்குக் கொஞ்சம் முன்னர் காலையில் நெஞ்சு வலி என்றார். பகலுக்குள் உயிர் போய்விட்டது. அன்றே அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டோம்.

மகள் மறுநாள்தான் வந்து சேர்ந்தாள். வாப்பா ஏன் பதில் போடவில்லை என்று என்னிடம் கேட்டாள். மறைக்க மனம் வரவில்லை, சொன்னேன். வெகுநேரம் அழுதாள்.

"கோவமில்லண்டு வாப்பாட கையப் புடிச்சிச் சொல்லத்தான் அத எழுதாம வெச்சிருந்தன்."

அவளுடைய பதில் வந்த அன்றைக்கே அவர் போனைப் பறித்து 'வா மகள்' என்று நானே அனுப்பியிருக்க வேண்டும். சட்டத்தை மீறியதற்கு ஒரு மாதம் என்னோடு கதைத்திருக்கமாட்டார். அந்த ஒரு மாதத்தையும் அவர் பக்கத்திலேயே சந்தோஷமாக இருந்து கழித்திருப்பேன்.