தொட்டியைத் தர முடியாது, மச்சான்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்க வேண்டியதே இல்லை. நேற்று போனில் நீங்கள் கத்திய கத்தலிலேயே நுரையீரல் இரண்டும் நல்ல நிலையில் இருப்பது தெரிந்துவிட்டது. வயதில் மூத்தவர் என்ற மரியாதைக்காக அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பதால் இப்போது திறக்கிறேன்.

"சீக்கு வந்த தொட்டியை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க மாப்பிள்ளை? அந்தக் கறுப்பு மீனையும் தூக்கிப் போடுங்க. ஞாயித்துக்கிழமை வந்து தொட்டியை எடுத்துட்டுப் போறேன், செடி வைக்கலாம்" என்றீர்கள். முடியாது. நான் ஓய்வு பெற்ற அன்று நீங்கள் தந்த பரிசுதான், இல்லை என்று சொல்லவில்லை. தந்தது தந்ததுதான். ஆறு மீன் தம் பாட்டுக்கு ஒழுங்காக நீந்திக்கொண்டிருந்த தொட்டியில், இரண்டு சிவப்பு மீனைக் கொண்டுவந்து பைத் தண்ணீரோடு சேர்த்துக் கவிழ்த்தது யார் மச்சான்? புதுசாக வந்ததைப் பத்து நாளாவது தனியே வைத்துப் பார்க்கணும் என்று நான் சொல்லச் சொல்ல, "மீனுக்கு எதுக்கு மாப்பிள்ளை தனி வார்டு?" என்று சிரித்தது யார்? நாலாம் நாள் எல்லாவற்றின் மேலும் உப்பைத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. பத்தாம் நாளுக்குள் ஏழு போய்விட்டன. மிஞ்சியது கண் பிதுங்கிய அந்தக் கறுப்பு ஒன்றுதான். ஒரு வேலையும் செய்யாமல் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வருவதால் நாங்கள் அதைப் 'பெரிய டாக்டர்' என்று கூப்பிடுகிறோம்.

முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கிருமி இல்லாமல் சுத்தம் செய்து கொடுத்தவன் நான். என் தட்டிலிருந்து போன கத்தியால் ஒரு நோயாளிக்கும் புண் சீழ் பிடித்ததாகப் பேச்சு வந்ததில்லை. அப்பேர்ப்பட்டவன் வீட்டுக் கூடத்தில் தொற்று வந்து ஏழு சாவு என்றால் எனக்கு எப்படி இருக்கும்? ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கிவிட்டேன். பழைய தொப்பியையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டு, தொட்டியைக் காலி செய்து, வடிகட்டிப் பஞ்சைத் தூக்கி எறிந்து, கூழாங்கல்லையெல்லாம் பெரிய பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றினேன். "என் பாத்திரத்துல கல்லை வேக வைக்கிறீங்களே, பல்லு இருக்கா?" என்றாள் உங்கள் தங்கை. பிளாஸ்டிக் செடியையும் கூடவே போட்டேன். அது வதங்கி மசியலாகிவிட்டது. அப்புறம் தொட்டியை பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்து, பால்கனியில் சாய்த்து, ஏழு தடவை அலசினேன். அலசின தண்ணீர் கீழ்வீட்டு பேங்க்காரரின் கறுப்புப் பேன்ட் மேல் சொட்டியிருக்கிறது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து நின்றார். இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் வெள்ளைப் புள்ளி. "சார், இது பேன்ட்டுக்கும் ஒட்டுமா?" என்று கேட்டார். இது மீனுக்கு மட்டும்தான் வரும், நீங்கள் தைரியமாக இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அதற்குப் போய் மனுஷர் முறைக்கிறார்.

பெரிய டாக்டரைக் குளியலறையில் ஒரு வாளியில் அனுமதித்திருக்கிறேன். குழாய்த் தண்ணீரை நான் நம்புவேனா? நன்றாகக் கொதிக்க வைத்து, மூடி ஆறவைத்த சுத்தமான தண்ணீர். மேலே வெள்ளைத் துணி, சுற்றிலும் டேப், டேப்பில் தேதியும் என் கையெழுத்தும். பதினாலு நாளைக்குத் திறக்கக் கூடாது. தீனி போட மட்டும் ஒரு விரல் துவாரம். உங்கள் தங்கை வாளிக்கு மூன்றடி தள்ளித்தான் நிற்கணும் என்று உத்தரவு. வெங்காயம் நறுக்கின கையோடு எதை வேண்டுமானாலும் தொடுகிறவள் அவள். தினம் காலையில் காது வைத்துக் கேட்டு நோட்டில் எழுதுகிறேன். 'நோயாளி அமைதி. தீனி பெற்றுக்கொண்டார். புகார் எதுவும் இல்லை.' இன்றோடு பதினாலு நாள். சாயங்காலம் திறந்து தொட்டியில் விடப் போகிறேன். அது நீந்தாவிட்டால் என் முப்பத்தொரு வருட சர்வீஸும் தண்டம் என்று நானே ஒப்புக்கொண்டு தொட்டியைத் தலையில் சுமந்து வந்து உங்கள் வீட்டில் இறக்குகிறேன். போதுமா?

இன்னொன்று. உங்கள் தங்கையின் போக்கு கொஞ்ச நாளாகச் சரியில்லை. சமையலறையில் தனியாகப் பேசிக்கொள்கிறாள். முந்தாநாள் "சாப்பிட்டாச்சா?" என்று குரல் வந்தது. "ஆச்சு" என்றேன். "உங்களை யாரு கேட்டா?" என்றாள். நீங்கள் வரும்போது அண்ணன் என்ற முறையில் பக்குவமாக விசாரியுங்கள்.

உங்கள் வீட்டுச் சிறியவர்களுக்கு ஆசி, பெரியவர்களுக்கு வணக்கம். தொட்டியில் செடி வைக்கும் யோசனை யாருடையதோ, அவருக்கு மட்டும் இரண்டும் கிடையாது.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: சாயங்காலம் ஐந்து மணிக்குக் கையுறை போட்டு டேப்பைப் பிரித்தேன். பதினாலு நாள் தீனி ஊறி மிதக்கிறது. கீழே ஒன்றுமே இல்லை. மச்சான், கையுறையோடு வாளியின் அடிவரைக்கும் துழாவிப் பார்த்தேன். "ஐயோ, பெரிய டாக்டர்!" என்று கத்திவிட்டேன். "எதுக்கு ஊரைக் கூட்டறீங்க? அவர் இங்கதான் இருக்கார்" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. போய்ப் பார்த்தால் ஜன்னலோரம், நான் கல் வேகவைத்த அதே பாத்திரத்தில், உடம்பில் ஒரு புள்ளி இல்லாமல் ஜம்மென்று சுற்றி வருகிறார். "ரெண்டாம் நாளே எட்டிப் பாத்தேன். மேல வந்து வாயை வாயைத் திறக்குது. கொதிக்க வெச்ச தண்ணியில காத்து எங்க இருக்கும்? கடைக்காரர்கிட்ட கேட்டு மருந்து ஊத்தி நான் வெச்சுக்கிட்டேன். உங்க மனசு கஷ்டப்படுமேன்னு டேப்பைத் திரும்ப ஒட்டிட்டேன்."

"எதால தூக்கின?" என்றேன். "கையாலதான்." "கை கழுவினியா?" "கழுவினேனே." பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டே, "அப்புறமா" என்றாள்.

இப்போது பெரிய டாக்டர் தொட்டியில் இருக்கிறார். விட்டது அவள்தான். என்னை மூன்றடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டாள், நிற்கிறேன். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை தொட்டியைப் பற்றி என்னிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை. தைரியம் இருந்தால் உங்கள் தங்கையிடமே கேளுங்கள். மீன் கீன் எதுவும் வாங்காமல், தயவுசெய்து வெறும் கையை வீசிக்கொண்டு வாருங்கள்.