செல்லாயிக்குப் பத்து

"அண்ணே, இந்த மிஷின் என்னை மதிக்க மாட்டேங்குது!"

விற்பனையைக் கவனிக்கும் ஜெயபாலன் கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்து நின்றார். மேலாளர் கார்த்திகேசு மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன சொல்லுது?"

"பில்லுல ஒரு வரியைத் திருத்தப் போனா, உனக்கு அனுமதி இல்லைங்குது. நாலாம் நம்பருக்கு இவ்வளவுதான் மரியாதையா?"

ஈப்போவில் பிஸ்கட்டும் மளிகைச் சாமானும் மொத்தமாக விற்கும் அந்தக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. யார் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அதற்குச் சொல்லிவைக்க, ஆளுக்கு ஒரு நம்பர் தர வேண்டும். ஒன்று முதல் பத்து வரை. அந்தப் பொறுப்பைக் கார்த்திகேசுவின் தலையில் கட்டிவிட்டு முதலாளி சிங்கப்பூருக்குப் போய்விட்டார். நம்பரை மாற்றும் டிஸ்க் கார்த்திகேசுவின் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது.

கார்த்திகேசு ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்தவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு பட்டணத்துக்கு வந்தார். யாரை எங்கே நிறுத்துவது என்று அவருக்கு இன்னொருவர் சொல்லித்தர வேண்டுமா? ஆங்கிலத்தில் தடித்தடியாக வந்த விளக்கப் புத்தகத்தை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. முதலாளிக்கு ஒன்று. தமக்கு இரண்டு. ஜெயபாலனுக்கு நாலு, கணக்கு எழுதும் பெட்ரீசியாவுக்கு ஐந்து. ஸ்டோரில் காலி பிஸ்கட் டின்களை எண்ணிப் பதியும் செல்லாயிக்குப் பத்து. அதற்குக் கீழே நம்பர் இல்லை, இருந்திருந்தால் அதைக் கொடுத்திருப்பார்.

"ஐயா, ஸ்கிரீன்ல எனக்கு ஏகப்பட்ட வரி வருதுங்களே?" என்று செல்லாயி முதல் நாளே கேட்டாள்.

"உனக்கு வேண்டியது டின் வரி. மத்ததைத் தொடாதே."

கார்த்திகேசுவின் திரையிலோ தேதியும் இன்னும் இரண்டு வரியும்தான் வந்தன. துரைமார் மேசையில் எப்போதுமே காகிதம் கிடக்காது. அதனால் அதையும் தமக்குக் கிடைத்த கௌரவமாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

"சரி, மூணு போட்டுத் தாரேன். வெளிய மூச்சு விடக்கூடாது" என்றார் ஜெயபாலனிடம்.

தேத்தண்ணி வேளை முடிவதற்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெட்ரீசியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"இவரு சேர்றதுக்கு முன்னாடியே நான் இங்க இருக்கேன் சார். அவருக்கு மூணு, எனக்கு அஞ்சா?"

அவளுக்கும் மூன்று போட்டார். பொழுது சாய்வதற்குள் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள்.

"திருத்தத்தான் முடியலைன்னு வந்தேன். இப்ப புது ஆர்டரே போட முடியல, அண்ணே!"

"எனக்குப் பில்லு பிரிண்ட் ஆகல சார்!"

நம்பர் இன்னும் போதவில்லை என்று கார்த்திகேசு முடிவு கட்டினார். மறுநாள் இருவருக்கும் இரண்டு போட்டார். இருவர் திரையிலும் பட்டியல் சுருங்கிப்போனது.

"தேதியைத்தான் பெருசா காட்டுது. தேதி பார்க்க எனக்குக் காலண்டர் இருக்கு லா!" என்று ஜெயபாலன் கத்தினார்.

இனி மிச்சமிருந்தது முதலாளியின் நம்பர் ஒன்றுதான். அதைத் தொடக் கார்த்திகேசு தயங்கினார். என்றாலும் வேறு வழி தெரியாமல் இருவருக்கும் ஒன்று போட்டார். தமக்குக் கீழே இருப்பவர்கள் தம்மைத் தாண்டிப்போவது பொறுக்காமல் தமக்கும் ஒன்று போட்டுக்கொண்டார். அதோடு தேதியும் போய்விட்டது.

வெளியே பாகான் டத்தோவுக்குப் போக வேண்டிய தீபாவளி லோரி சாமானோடு நின்றது. அச்சடித்த சீட்டு இல்லாமல் கேட்டைத் தாண்டவிடக் கூடாது என்பது கார்த்திகேசுவே போட்ட சட்டம். முதலாளி நாளைக்கு வருகிறார். இந்த வயதில் இந்த நாற்காலியும் போனால் வேறு எங்கே போய் நிற்பது? கம்ப்யூட்டர் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டு, உடனே ஆளை அனுப்பச் சொல்லிக் கெஞ்சினார்.

போனை வைத்துவிட்டுச் சன்னல் வழியே பார்த்தால், லோரி இல்லை.

"லோரி எங்க?"

"சீட்டு வந்துச்சு, போயிட்டான்" என்றார் ஜெயபாலன். "நீங்கதான் அடிச்சீங்கன்னு நினைச்சேன்."

"நானா? பெட்ரீசியா?"

"நான் இல்ல சார்."

செல்லாயி வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றாள்.

"நான்தான் ஐயா அமுக்கினேன். டிரைவரு தவிச்சிக்கிட்டு நின்னாரு. ஸ்கிரீன்ல லோரி சீட்டுன்னு ஒரு வரி இருந்துச்சு."

"பொய் சொல்லாதே! ஒண்ணாம் நம்பருக்கே வராதது பத்தாம் நம்பருக்கு வருமா? யாரு நம்பரைத் திருடினே?"

"சத்தியமா இல்லைங்க ஐயா."

"ஸ்டோர் சாவியை வச்சிட்டு வெளிய இரு. நாளைக்கு முதலாளி வந்து கேக்கட்டும். உன்னை வச்சிருக்கிறதா வேண்டாமான்னு அவரே சொல்லுவாரு."

அவள் சாவியை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வெளிப்படியில் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் கார்த்திகேசுவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தோட்டத்து ஆபீஸ் சன்னலுக்கு வெளியே வெயிலில் நின்று, உள்ளே இருப்பவர்களிடம் எட்டி எட்டிப் பேசிய கூட்டத்தில் அவருடைய அப்பாவும் ஒருவர். அந்தச் சன்னலுக்கு உள்ளே உட்கார வேண்டும் என்றுதான் அவர் விழுந்து விழுந்து படித்தார். உட்கார்ந்த பிறகு சன்னலை யாருக்காவது திறந்துவிட்டோமா என்று இன்றைக்குத்தான் முதல்முறையாகத் தோன்றியது. எழுந்துபோய் அவளைக் கூப்பிடலாமா என்று பாதி எழுந்தார்.

அதற்குள் ஆம்புரோஸ் வந்துவிட்டான். கம்ப்யூட்டர் விற்ற கம்பெனியின் மெக்கானிக். மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு, படியில் இருந்தவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தவன், டிஸ்கைப் போட்டு நம்பர்களை ஒருமுறை பார்த்தான். பிறகு இன்னொருமுறை பார்த்தான்.

"கெட்டுப்போச்சா தம்பி?" கார்த்திகேசுவின் குரல் இறங்கிவிட்டது. "யாரோ உள்ள பூந்து திருடியிருக்காங்க, இல்லையா?"

ஆம்புரோஸ் மரியாதையோடு எழுந்து, சட்டையை இழுத்துச் சரி செய்துகொண்டான்.

"ஒண்ணும் கெட்டுப்போகல சார், பத்தாம் நம்பர் செல்லாயி மேடம் எல்லா அதிகாரத்தையும் தன் கையில வச்சிக்கிட்டு, உங்க முதலாளி வரைக்கும் எல்லாரையும் ஒண்ணுல தள்ளி, எதையுமே தொடவிடாம பண்ணியிருக்காங்க, ரொம்பக் கண்டிப்பான ஆளுதான் லா, எந்த ரூம்ல இருக்காங்க, ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போறேன்!"