ஒரு பெயருக்கு ஓர் இடம்

என் மனைவி ஆனந்தியின் சொந்தக்காரர்களில் பாதிப் பேரைக் கழற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன். வாயால் அல்ல; ஜாவாஸ்கிரிப்டால்.

வேலந்தாவளத்தில் புது வீடு கட்டியிருந்தோம். புகுவிழாப் பந்திக்கு நூறு இலைதான் சொல்லியிருந்தது. இரண்டு வீட்டுப் பட்டியலிலும் சேர்த்து நூற்றெண்பது பேர். எங்கள் ஊர்ப் பக்கம் பிள்ளைகளுக்குத் தாத்தா, பாட்டி பெயரைத்தான் வைப்பார்கள். எனக்கும் தாத்தா பெயர்தான், சின்னமுத்து. ஆகவே நூற்றெண்பது பேருக்கும் சேர்த்துப் பெயர்கள் நூற்றைத் தாண்டாது.

நான் கோவைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ஜாவாஸ்கிரிப்டில் கம்ப்யூட்டர் கோடு எழுதுகிறவன். பெயரைத் தட்டினால் 'செட்' என்கிற பட்டியலில் சேரும்படி ஒன்று எழுதினேன். செட்டில் ஒரு பெயருக்கு ஓர் இடம்தான். அதே பெயர் மறுபடி வந்தால் எரர்கூடக் காட்டாது, சத்தமில்லாமல் விட்டுவிடும். என் பக்கத்தை முதலில் ஏற்றினால் அவள் பக்கம் தானாக உதிரும். பழி கம்ப்யூட்டருக்கு.

"ஏனுங்க, ஒரே பேருல ரெண்டு பேரு இருந்தா?" என்றாள் ஆனந்தி.

"முதல்ல வந்தவங்க நிப்பாங்க. மிஷினுக்கு ஓரவஞ்சனை தெரியாது பாரு."

"அப்புடீங்களா! உங்களுக்கு மீட்டிங் இருக்குதுங்களே. நானே டைப் பண்ணி, நிக்கறவங்களுக்கு வாட்ஸ்அப்புல பத்திரிகை அனுப்பிர்றேனுங்க."

எவ்வளவு நல்லவள்! என் தாளை மேலே, அவள் தாளைக் கீழே வைத்துக் கொடுத்துவிட்டுப் போனேன்.

மீட்டிங் முடிவதற்குள் அம்மாவின் போன்.

"டேய், சம்பந்திக்குப் பத்திரிகை வந்திருக்குது. பெத்தவ எனக்கெங்கடா?"

தூக்கிவாரிப் போட்டது. வாட்ஸ்அப்பில் யார் யாருக்குப் போயிருக்கிறது என்று திறந்து பார்த்தேன். என் பெரியப்பா இல்லை. அத்தை இல்லை. பங்காளிகள் மூன்று பேரைக் காணோம்.

"ஆனந்தி! எங்கம்மா எங்கே?"

"உங்க மிஷினையே கேளுங்க."

கேட்டேன். 'கருப்பாத்தாள்' உண்டா? 'ட்ரூ', உண்டு என்றது.

"இது உங்கம்மா!"

"ஆமாங்க. முதல்ல வந்தாங்க, நின்னுட்டாங்க. அடித்தாள்ல இருந்து ஆரம்பிச்சனுங்க."

போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அத்தை, உங்களுக்கு வாட்ஸ்அப்புல அனுப்பினா மரியாதைங்களா? நாளைக்குத் தட்டத்தோட நேர்ல வர்றேனுங்க. உங்க மகன்தான், ஒரு பேருக்கு ஒருத்தரு போதும்னாருங்க."

போனில் அம்மா எனக்குக் கொடுத்த பட்டங்கள் தெருவரை கேட்டன. அவற்றில் ஒன்றுகூட இரண்டாம் முறை வரவில்லை.

கடைசியாக 'சின்னமுத்து' என்று தட்டிப் பார்த்தேன். ட்ரூ. நானாவது இருக்கிறேன். அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனந்தி எட்டிப் பார்த்தாள்.

"அது எங்க சித்தப்பாங்க."