கை ஓட்டம் பார்த்த கவைக்குச்சி

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே கல்லூரி உள்ளரங்கத்தின் வாசலில் இருபத்தேழு பிக்கப் வண்டிகள். நெப்ராஸ்காவில் பிப்ரவரிப் பனி முழங்கால் அளவு கிடந்தது. பக்தி மட்டும் குறையவில்லை. உள்ளே பேஸ்பால் அணியின் புதுப் பிட்சர்கள் வரிசையில் நின்றார்கள். பந்து எறியும் கையை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள், ஏதோ தடுப்பூசிக்கு நிற்பது போல. அவர்களுக்குப் பின்னால் அப்பா, அம்மா, பெரியப்பா. ஒரு குடும்பம் தங்கள் பாஸ்டரையே அழைத்து வந்திருந்தது. அத்தனை பேரும் காத்திருந்தது ஆல்வின் ட்ரூவாக்ஸ் என்ற மகானின் கையிலிருந்த கவைக்குச்சிக்காக.

ட்ரூவாக்ஸ் முப்பது வருஷமாக அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் நீரோட்டம் பார்த்தவர். அவர் குச்சி சாய்ந்த இடத்தில் தோண்டினால் தண்ணீர் வரும். அந்த மாவட்டத்தில் குச்சி சாயாத இடத்தில் தோண்டினாலும் தண்ணீர் வரும். ஆனால் ஒரு கிணறு கிடைத்த பிறகு, சோதித்துப் பார்க்க இன்னொரு கிணறு எவன் வெட்டுவான்? போன வருஷம் மகானுக்கு ஞானம் பிறந்தது. மண்ணுக்கடியில் ஓடும் தண்ணீரைக் காட்டுகிற குச்சி, தோலுக்கடியில் ஓடும் வேகத்தைக் காட்டாதா? காட்டியது. கைக்கு நாற்பது டாலர் வீதம் காட்டியது.

கையின் மேல் குச்சியைப் பிடிப்பார். கண்ணை மூடுவார். குச்சி விருட்டென்று சாய்ந்தால், அந்தப் பையன் ஒருநாள் மணிக்குத் தொண்ணூற்றைந்து மைல் வேகத்தில் எறிவான். சாயாவிட்டால் அது வறண்ட கை. இரண்டே வருஷத்தில் முழங்கை போய்விடும். இது தீர்ப்பு, அப்பீல் கிடையாது.

கோச் வெர்னன் ஸ்லாடெக் கைகட்டி நின்றார். எறியின் வேகத்தை அளக்கும் கருவியும் நாலு கேமராக்களும் அவருக்குப் பின்னால் துணி போர்த்திக் கிடந்தன. மூன்று சீசன் தொடர்ந்து தோற்ற மனிதர். அவருடைய அப்பாவின் பண்ணைக் கிணற்றுக்கு ஓட்டம் பார்த்தது ட்ரூவாக்ஸ். விஞ்ஞான ஆதாரம் அவ்வளவுதான்.

இந்தக் கூத்தைப் பார்த்து வயிறெரிந்தது ஒரே ஒருவனுக்கு: அணியின் கேட்ச்சர் ரூடி பார்டோஷ். எல்லாப் பிட்சர்களும் எறிவதைக் குந்தி உட்கார்ந்து பிடிப்பது அவன் வேலை. யார் பந்து எப்படி வரும் என்று அவனுடைய இடது உள்ளங்கை வீக்கத்துக்குத் தெரியும். அதை இதுவரை யாரும் கேட்கவில்லை.

பதினொன்றாவது ஆளாக வந்தான் எம்மெட் லண்ட். முதல் வருஷம் படிக்கும் ஒல்லிப் பையன். வீட்டில் பசுக்கள் கன்று போடுகிற நேரம். அப்பாவால் வர முடியவில்லை. தனியாக நின்று கையை நீட்டினான். குச்சி அசையவே இல்லை.

“வறண்ட கை. பாவம், பையன் நல்லவனாத்தான் தெரியறான்” என்றார் ட்ரூவாக்ஸ்.

கோச் பட்டியலில் ஒரு கோடு கிழித்தார். “எம்மெட், உன் பேரை எடுத்துட்டேன்பா. அடுத்த வருஷம் உதவித்தொகையும் வராது. மனசுல வெச்சுக்காதே.”

பையனுக்கு முகம் செத்துப்போனது. “அது இல்லேன்னா நான் படிப்பையே விட்டுட்டு ஊருக்குப் போகணும், கோச். ஒரே ஒரு பந்து எறிஞ்சு காட்டட்டுமா?”

“எறிஞ்சு காட்டறதுல என்னப்பா இருக்கு? அது இன்னிக்கு நிலவரம். ஐயா சொல்றது நாளைக்கு வரப்போறது!”

இதைச் சொன்னவர் பட்டதாரி. நாம் என்ன செய்ய முடியும்?

ரூடி அன்று காலையிலிருந்து வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தான். மகானின் மனைவி லொரெட்டா வாசலில் காப்பி ஊற்றினாள். ஊற்றும்போதே, “உங்க பிள்ளை நல்லா வேகமா போடுவானா?” என்று தேனாகக் கேட்டாள். அமெரிக்க அப்பனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. கேட்டால் விடிய விடியச் சொல்வான். எல்லாம் கேட்டுவிட்டுப் பையன் கையில் வரிசை எண் எழுதிய சீட்டைக் கொடுப்பாள். அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்த பிறகுதான் மகான் கண்ணை மூடுவார். எம்மெட்டுக்குப் பெருமையடிக்க அப்பா இல்லை. வந்தது வெறும் சீட்டு.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் சில்லி என்கிற கறிக்குழம்பும் சினமன் ரோலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரூடி எழுந்து உரக்கக் கேட்டான்.

“ட்ரூவாக்ஸ் ஐயா, ஒரு சந்தேகம். தண்ணிய நீங்க கண்ணால பாக்காமத்தானே கண்டுபிடிக்கிறீங்க?”

“ஆமா தம்பி. அறுபதடி மண்ணைத் துளைச்சுக்கிட்டு பாக்கும் என் குச்சி.”

“அப்ப ஒரு கோட்டுத் துணிய துளைக்காதா?”

கூட்டம் சிரித்தது. “நல்லாத் துளைக்கும்! காட்டுங்க ஐயா!” என்று ஒரு அப்பா தட்டோடு எழுந்தார். மகானுக்கு அந்த நிமிஷம் சில்லி தொண்டையில் சிக்கியது. ஆனால் பக்தர்களே வழியை மறித்து நின்றால் எந்தப் பக்கம் ஓடுவது?

“டேய் ரூடி, அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே. உன் பேரும் பட்டியல்ல இருக்கு” என்றார் கோச்.

“இருக்கட்டும் கோச். கோடு போட பேனா உங்க கையிலதான் இருக்கு.”

ரூடி மைதானத்தை மழைக்கு மூடும் தார்ப்பாயைக் கயிற்றில் தொங்கவிட்டு அதில் ஒரு ஓட்டை போட்டான். ஓட்டை வழியாக வெளியே வருவது தடித்த அணிக் கோட்டின் கை, நுனியில் கம்பளி உறை. வயசு தெரியாது, ஆள் தெரியாது. முக்கியமாக, சீட்டு கிடையாது.

முதல் கை வந்தது. மகான் வியர்த்தார். குச்சி சாய்ந்தது. “தொண்ணூத்தி நாலு!”

இரண்டாவது கை. குச்சி துள்ளியது. “தொண்ணூத்தி ஆறு! பெரிய லீக்குக்குப் போற கை!”

மூன்றாவது கை. எல்லாமே தங்கமாக இருந்தால் சந்தேகம் வருமே. “வறண்டது” என்றார் சோகமாக.

நான்காவதாக ஒரு கை விறைப்பாக நீண்டது. மகான் நடுங்கவே நடுங்கினார். “அம்மாடி! தொண்ணூத்தி எட்டு! என் ஆயுசுல இப்படி ஒரு கைய பாத்ததில்ல!”

ரூடி தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டான்.

தொண்ணூற்றெட்டு மைல் கைக்குள் இருந்தது, துண்டு சுற்றிய ஒரு மர மட்டை. பெரிய லீக்குக்குப் போகிற கை, அணியின் பஸ்ஸை ஓட்டும் ஃப்ளாய்டுடையது. வயசு அறுபத்தாறு. “தோள்பட்டைக்கு மேல தூக்கவே முடியாதுங்க, தலை சீவறதே இடது கையாலதான்” என்றார் அவர் வெட்கத்தோடு. முதல் கையும் மூன்றாவது கையும் ஒரே ஆளுடையவை. எம்மெட் லண்டின் கை, மூன்று நிமிஷத்தில் தொண்ணூற்று நாலிலிருந்து வறண்டு போயிருந்தது.

ரூடி மகானின் மேஜையிலிருந்த சீட்டுகளை எடுத்து உயர்த்திக் காட்டினான். குச்சி சாய்ந்த பையன்களின் சீட்டெல்லாம் ஓரம் மடிக்கப்பட்டிருந்தன.

“உங்க பிள்ளை எவ்வளவு வேகம்னு லொரெட்டா அம்மாகிட்ட நீங்கதான் சொன்னீங்க. அவங்க சீட்டு ஓரத்தை மடிச்சு இவருக்குச் சொன்னாங்க. அதையே உங்களுக்குத் திருப்பிச் சொல்ல இவரு நாப்பது டாலர் வாங்கிட்டாரு.”

“நம்பிக்கை இல்லாதவன் பக்கத்துல இருந்தா குச்சி குழம்பும்!” என்று கத்தினார் ட்ரூவாக்ஸ். கத்திக்கொண்டே கோட்டை மாட்டினார். லொரெட்டா காப்பிக் கெட்டிலைக்கூட எடுக்காமல் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டிருந்தாள்.

கோச் போய் அந்த வேகக் கருவியின் மேலிருந்த துணியை எடுத்தார். எம்மெட் ஏழு பந்து எறிந்தான். ஏழாவது தொண்ணூற்றொன்று காட்டியது. ரூடிக்குக் கை தீயாக எரிந்தது. அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். கோச் பட்டியலில் அந்தப் பெயரை மறுபடி எழுதும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கப்பட அவருக்கு நிறைய இருந்தது.

கூட்டம் திருந்திவிட்டது என்று நினைப்பவர்கள் இதையும் கேளுங்கள். ஓர் அம்மா ரூடியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கிக் கேட்டாள். “அந்த ஆளத்தான் துரத்திட்டியே தம்பி, இனிமே எங்க பிள்ளைங்களைப் பத்தி நாங்க யார்கிட்ட போய்க் கேக்கறது?”

“பிள்ளைய பந்து எறியச் சொல்லிட்டு நீங்களே பாருங்கம்மா” என்றான் ரூடி. “கண்ணு ரெண்டும் உங்ககிட்ட இருக்கு. அதுக்குப் பின்னாடி ஒண்ணு வெச்சிருக்கீங்களே, தொப்பி மாட்டறதுக்குன்னு மட்டும் அதைப் படைக்கலம்மா.”