முழுப்பேரு அண்ணாச்சி

பெண்டாட்டிக்குத் தலைவலி மாத்திரை கொடுப்பதற்கு முன் அவளுடைய முழுப் பேரைக் கேட்ட ஒரே மனிதர் திருவனந்தபுரத்திலேயே எங்கள் முழுப்பேரு அண்ணாச்சிதான். இது வதந்தி இல்லை, அந்த அம்மாளே என்னிடம் சொன்னது.

"கல்யாணம் ஆயி இருவத்தஞ்சு வருசம் ஆச்சு. எனக்க மூஞ்சியப் பாத்து 'பேரு என்ன'ன்னு கேக்காரு. மாத்திரையே வேண்டாம்னு போத்திப் படுத்துட்டேன்."

நானும் அண்ணாச்சியும் ஒரே அலுவலகம். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் ஆஸ்பத்திரியாலேயே கஷ்டப்படாமல் இருக்க என்ன செய்யலாம் என்று ஆராயும் இடம். கேள்விப் படிவங்களைத் தமிழில் தட்டச்சு செய்வது என் வேலை. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போடும் அறையில் போய் உட்கார்ந்து பார்ப்பது அவர் வேலை. பேர் கேட்கிறார்களா, கார்டைப் பார்க்கிறார்களா, மருந்துப் புட்டியில் தேதி பார்க்கிறார்களா, ஊசிக்குப் பிறகு அரைமணி நேரம் உட்கார வைக்கிறார்களா? எல்லாவற்றுக்கும் டிக் போட வேண்டும். வாயை மட்டும் திறக்கக் கூடாது.

"நீங்க அங்க ஒரு சுவர் மாதிரி இருக்கணும், கேட்டோ?" என்று எங்கள் மேடம் சொல்லி அனுப்பினார். அண்ணாச்சி அதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஒரு மழைநாளில் யாரோ ஒரு பெண் ஆணி என்று நினைத்தாளோ என்னவோ, ஈரக்குடையை அவர் கையில் மாட்டிவிட்டு ஊசிக்குப் போய்விட்டாள். அவள் அரைமணி நேரம் உட்கார்ந்து எழுந்து வரும்வரை கையை இறக்கவில்லை மனிதர். சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட அலுவலகத்துக்கு வந்து, 'இதர குறிப்புகள்' என்ற இடத்தில் 'ஒரு குடை' என்று எழுதினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வழக்கம்போல 'பார்வையாளர் எண் நாலு.' படிவத்தில் யார் பேரும் வெளியே தெரியக் கூடாதாம், அவருடையதும்தான்.

அங்கே வாயை மூடியிருந்ததற்கெல்லாம் சேர்த்து வெளியே கேட்டுத் தீர்த்தார். டீக்கடையில் சர்க்கரை போடாத டீ வந்தால், யாருக்கு என்று முழுப் பேரோடு கேட்டுத்தான் நகர்த்துவார். அதற்குள் டீ ஆறிவிடும்.

என் கல்யாணத்தில் அவர் செய்த கூத்து தனி. மேடை ஏறி, மொய்க் கவரை நீட்டி, மாப்பிள்ளை கை வைக்கும் நேரத்தில் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"முழுப்பேரு?"

"சங்கரன்."

"அப்பாக்க பேரு?"

பக்கத்தில் நின்ற என் மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரும்மா இவரு? போலீஸா?" என்றார். எனக்கு மேடைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

கல்யாணமாகி நான் குடிவந்தது கிழக்கேகோட்டைக்குள் ஒரு தெரு. இந்த ஊரில் எந்தக் காகிதத்திலும் வீட்டுப்பேர் எழுதியாக வேண்டும். திருநெல்வேலியிலிருந்து வந்த எங்கள் தெருக்காரர்களுக்கு ஏது வீட்டுப்பேர்? அந்தக் கட்டத்தில் தெருப்பேரை எழுதிவிடுவோம். தெரு முழுக்க அதேதான். அரசாங்கக் கணக்குப்படி நாங்கள் அத்தனை பேரும் ஒரே வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறோம்.

எனக்கு ஐந்தாம் மாதம். தடுப்பூசிக்குப் போனேன். மூலையில் ஸ்டூலில் அண்ணாச்சி. சிரித்தேன், சுவர் சிரிக்கவில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சில வருஷம் முன்பு ஏதோ ஒரு ஊசி எனக்கு ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கி, மூச்சு முட்டி, செத்துப் பிழைத்தேன். அதனால் டாக்டர் பார்க்காமல் எந்த ஊசியும் போடக் கூடாது என்று என் கார்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். எழுதித்தான் இருக்கிறதே என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

அன்று நல்ல கூட்டம். சிஸ்டர் கார்டை எடுத்துக் கூப்பிட்டார்.

"எஸ். மீனாட்சி."

எழுந்து போனேன். சிஸ்டர் முறைப்படி வீட்டுப்பேரும் கேட்டார். தெருப்பேரைச் சொன்னேன். சரியாக இருந்தது. அண்ணாச்சி கார்டை எட்டிப் பார்த்துப் படிவத்தில் குறித்துக்கொண்டார். சிஸ்டர் பஞ்சால் என் கையைத் துடைத்தார்.

"சிஸ்டரே, நில்லுங்க," என்றது சுவர்.

ஊசியோடு சிஸ்டர் கை அப்படியே நின்றது. அண்ணாச்சி எழுந்து வந்தார்.

"மக்ளே, உனக்க மாப்ளைக்க பேரு என்ன?"

எனக்கு எரிச்சல். "என்ன அண்ணாச்சி, தெரியாதாக்கும்? கல்யாணத்துக்கு வந்து கேட்டுட்டுத்தான போனீய?"

"தெரியும். ஆனா நீ சொல்லணும்."

"சங்கரன்."

"கார்டுல சுப்பிரமணியன்னு போட்டிருக்கு."

அது இன்னொரு எஸ். மீனாட்சியின் கார்டு. எங்கள் தெருவேதான், பத்து வீடு தள்ளி. சிவப்பு மையோடு என் கார்டு அடியில் கிடந்தது. சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். நான் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பழைய சீட்டுகளைப் பார்த்து, எது ஒத்துக்கொள்ளாது, எது ஒத்துக்கொள்ளும் என்று தீர்மானித்து, டாக்டரே பக்கத்தில் நின்று ஊசி போட வைத்தார். அதற்குப் பிறகு நான் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அண்ணாச்சியும் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் தன்மேல் தானே ஒரு புகார் எழுதிக் கொடுத்தார். 'பார்வையாளர் எண் நாலு பேசிவிட்டார். அன்றைய படிவங்கள் செல்லாது.' மேடம் அதை இரண்டு முறை படித்தார்.

"அண்ணாச்சி, சுவர் இடிஞ்சு விழுறப்போ சத்தம் போடாம இருக்குமா?" என்று கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். படிவத்தில் பேர் சரிபார்க்கும் இடத்தில் வீட்டுப்பேரோடு கணவர் பேரையும் சேர்த்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். அதைத் தட்டச்சு செய்யும்போது அழுதேன். எழுத்துப் பிழைகள் வந்தன.

இப்போது மகளுக்கு ஏழு வயது. போன வாரம் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் அண்ணாச்சியைப் பார்த்தோம். வேலையை விட்டு ஊரோடு போய்விட்டவர், நாகர்கோவில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். மிட்டாய் வாங்கி, மகள் கை நீட்டியதும் பின்னால் இழுத்துக்கொண்டார். அவள் பேர், அப்பா பேர், பிறந்த தேதி எல்லாவற்றையும் ஒப்பித்த பிறகுதான் கொடுத்தார்.

"அவருக்கு நம்மள ஞாபகமே இல்லையாம்மா?" என்று மகள் காதில் கேட்டாள்.

"எல்லாம் ஞாபகம் இருக்கு. அதான் கேக்காரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் நான் அவரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"அண்ணாச்சி, உங்க முழுப்பேரு என்ன?"

மனிதருக்கு வெட்கம் வந்துவிட்டது. பஸ்ஸைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு தன் பேரையும் அப்பா பேரையும் ஊர்ப்பேரையும் மெதுவாகச் சொன்னார்.

அதை இங்கே எழுத மாட்டேன். யார் பேரும் வெளியே தெரியக் கூடாது என்பது அவர் வேலை பார்த்த முறை. ஆனால் சாயங்காலம் விளக்கேற்றிக் கும்பிடும்போது, மகள் பேருக்கு முன்னால் அந்தப் பேரைத்தான் சொல்கிறேன், முழுசாக.